சேகருக்கு, டிக்கெட் போடுவதற்கு முன்

வேளச்சேரி, சென்னை
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறையும் என் நெஞ்செரிச்சல் அறுவைக் கதை வந்த இடத்தில், இது ஒரு பக்கத்தில் அடங்காது என்று மூடி வைத்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, பேரன் தூங்குகிறான், கரண்டும் இருக்கிறது. முழுதாக எழுதி முடித்துவிடுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. திருச்சி ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்த நம் சமையல்காரர் ஆடி மாதம் காலமாகிவிட்டாராம். எண்பத்தாறு வயது. இரவு பத்தரை மணிக்கு நீயும் நானும் சமையற்கட்டில் நுழைந்து, மிச்சமிருந்த வத்தக்குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே போய்ப் படுப்போமே. நெஞ்செரிச்சலுக்கு அன்றே அச்சாரம் கொடுத்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மட்டும் கடைசிவரை ஒரு மாத்திரை போட்டதில்லையாம்.

இனி உன் விஷயம். பதினோரு வருடமாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, படுத்தால் தொண்டைவரை புளித்த நீர், லண்டனில் வரிசை நகரவில்லை, அதனால் இஸ்தான்புல்லில் ஒரு பேக்கேஜ் பார்த்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். விமான நிலையத்தில் கார், நல்ல ஓட்டல், ஐந்து இரவு, அறுவை, திரும்பிவிடலாம். கூடவே, போனில் பேசியவர் “உங்கள் எடையையும் ஒரே மூச்சில் குறைத்துவிடலாம்” என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது.

எடை குறைக்க அவர்கள் அதிகமாகச் செய்வது ஸ்லீவ் அறுவை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ அளவுக்குக் குழாயாக்கிவிடுவார்கள். ஒடுங்கிய குழாயில் அழுத்தம் கூடும்; ஏற்கெனவே எதுக்களிப்பு, அதாவது இரைப்பை அமிலம் மேலே ஏறும் தொல்லை, உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எதுக்களிப்புக்கான அறுவையில் இரைப்பையின் மேல்முகட்டைத்தான் உணவுக்குழாயின் அடியில் மஃப்ளர் போலச் சுற்றித் தைப்பார்கள். ஸ்லீவில் வெட்டி எறிவது அதே மேல்முகட்டை. பிறகு சுற்றுவதற்குத் துணி ஏது? உண்மையிலேயே எடை மிகுதி என்றால் இரைப்பை பைபாஸ் என்ற வேறு அறுவை இருக்கிறது. அதில் எடையும் குறையும், எரிச்சலும் அடங்கும். எது உனக்கு என்பதை உன் வயிற்றைப் பார்த்த மருத்துவர் சொல்லவேண்டும். போனில் பேசும் விற்பனையாளர் சொல்லக்கூடாது.

இஸ்தான்புல் என்றால் மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. சொல்லப்போனால் எதுக்களிப்பு அறுவைக்கு விதை விழுந்ததே அந்த ஊரில்தான். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மன் யூத சர்ஜன், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பெர்லினை விட்டு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஓர் இளைஞரின் உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தது. மீதியை இரைப்பையோடு சேர்க்கும்போது, தையல் விட்டுப்போகாமல் இருக்க இரைப்பைச் சுவரை மடித்துச் சுற்றி வைத்தார். பல வருடம் கழித்துப் பார்த்தால் அந்த ஆளுக்கு எதுக்களிப்பே இல்லை. அந்த நினைவைத் தூசி தட்டி, 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதையே எதுக்களிப்புக்கான சிகிச்சையாகச் செய்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த அறுவையை அழைக்கிறார்கள். 1991இல் இந்த அறுவைக்கும் லேப்ராஸ்கோப்பி வந்தபிறகு வயிற்றைக் கிழிக்காமல் ஐந்து சிறு துளைகளில் முடித்துவிடுகிறார்கள். என் வயிற்றில் அந்த ஐந்தும் இப்போது கொசுக்கடித் தழும்பு போலத்தான் தெரிகின்றன.

எந்த ஊர் என்பது அப்புறம். வெட்டுவதற்கு முன் யார் என்ன பார்த்தார்கள் என்பதுதான் என் கவலை. என் கதையைக் கேள்.

2022 கடைசியில் நான் முதலில் போன இடத்தில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பை கொஞ்சம் உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருக்கிறது, புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறது, அட்வான்ஸ் கட்டிவிடுங்கள் என்றார்கள். அவ்வளவுதான். ஒரு புடவை எடுப்பதற்குக்கூட என் மனைவி அதைவிட அதிகம் கேள்வி கேட்பாள். அவள்தான் என்னை எழுப்பி வெளியே கூட்டிவந்தாள். இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் அறுவை என்ற பேச்சையே எடுக்கவில்லை. “முதலில் இரண்டு டெஸ்ட் முடித்துவிட்டு வாருங்கள்” என்றார்.

ஒன்று மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கிவிட்டு, படுக்கவைத்து, ஒரு சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீராகப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். உணவுக்குழாய் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்று திரையில் வண்ண வண்ணமாக வரும். மற்றொன்று 24 மணி நேர அமில அளவீடு. இதற்கும் மூக்கில் குழாய்தான். மறுமுனை இடுப்பில் கண்டக்டர் பை மாதிரி தொங்கும் ஒரு பெட்டியில். சாப்பிட்டால் ஒரு பட்டன், படுத்தால் ஒரு பட்டன், எரிந்தால் ஒரு பட்டன். ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்திவிடவேண்டும்; அந்த ஒரு வாரம் நரகம். அந்தக் கோலத்திலேயே தெருமுனை டீக்கடைக்குப் போனேன். வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்யச் சொல்லியிருந்தார்களே. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், “தாத்தா யானையா?” என்று கேட்டது. எனக்கு வந்த சிரிப்பில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியவில்லை.

அந்த 24 மணி நேரத்தில் 6 சதவீத நேரத்துக்கு மேல் உணவுக்குழாயில் அமிலம் இருந்தால் நோய் உறுதி. 4க்குக் கீழே என்றால் எரிச்சலுக்கு வேறு காரணம் தேடவேண்டும். எனக்கு 11 வந்தது. மேனோமெட்ரியில் தள்ளும் வலு சற்றுக் குறைவு என்று தெரிந்ததால், முழுச் சுற்றுக்குப் பதிலாக 270 டிகிரி சுற்றினார்கள். முதல் இடத்தில் அந்தப் புதன்கிழமையே படுத்திருந்தால் எனக்கு முழுச் சுற்றாகப் போட்டிருப்பார்களோ, சோறு இறங்காமல் தவித்திருப்பேனோ, யாருக்குத் தெரியும்.

என் அக்கா மகன் மதுரையில் குடல் மருத்துவம் படிக்கிறான். அவன் ஓர் ஆய்வைக் காட்டினான். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்தது, 2019இல் வெளியானது. மாத்திரை கேட்கவில்லை என்று வந்தவர்கள் 366 பேர். ஒழுங்காக மாத்திரை கொடுத்து, எல்லாச் சோதனையும் செய்து சலித்தபோது கடைசியில் ஆய்வுக்குத் தேறியவர்கள் 78 பேர்தான். வந்தவர்களில் 99 பேருக்கு எதுக்களிப்பே கிடையாது. உணவுக்குழாயின் நரம்புகள்தான் அளவுக்கு மீறிக் கூசின. 42 பேருக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் சரியாகப் போட்டதிலேயே சரியாகிவிட்டது! ஆனால் தேறியவர்களில் அறுவை செய்துகொண்ட 27 பேரில் 18 பேருக்குக் குணம்; தீவிர மருந்துச் சிகிச்சை பெற்ற 25 பேரில் 7 பேருக்குத்தான். ஆள் சரியாக இருந்தால் கத்தி ஜெயிக்கிறது. நீ அந்த 78இல் ஒருவனா, 99இல் ஒருவனா? உன் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய எண்டோஸ்கோப்பி ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாய்.

நீ மாத்திரையை எப்போது போடுகிறாய்? கலாவிடம் போனில் கேட்டேன். “சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் போடுவார் அண்ணா” என்றாள். அது சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடவேண்டிய மாத்திரை. பதினோரு வருடமாக இப்படியா? நாளையிலிருந்து மாற்று. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வை. தலையணையை அடுக்குவதில் பயனில்லை, வயிறுதான் மடங்கும். இடது பக்கம் சாய்ந்து படு. நெஞ்சு எரிகிறது என்றால் நம் வயதில் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். இசிஜி எடுத்தாயா என்று நீ எழுதவேயில்லை.

சரி, எல்லாம் பார்த்து அறுவைதான் என்று ஆகிவிட்டால்? அறுவை பெரிதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனேன், மதியம் கண் விழித்தேன். வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருமாம். மூன்றாம் நாள் வீடு. அதன்பிறகு வந்த ஆறு வாரம்தான் உண்மையான சிகிச்சை. முதலில் மோர், வடிகட்டிய சூப், கஞ்சி. பிறகு ரசத்தில் ஊறிக் கரைந்த இட்லி. நாலாவது வாரம் பேரன் தட்டிலிருந்து ஒரு விள்ளல் சப்பாத்தியை ஆசைப்பட்டு வாயில் போட்டுவிட்டேன். நெஞ்சுக்குழியில் போய் நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை, தண்ணீர் குடித்தால் அதன்மேல் போய் உட்கார்கிறது. நாற்பது நிமிடம் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. திடீரென்று தானாகவே இறங்கியது. சர்ஜனுக்குப் போன் செய்தால், “ரொட்டி, சப்பாத்தி, இறைச்சி இந்த மூன்றும் வேண்டாம் என்று எழுதித்தானே கொடுத்தேன்?” என்றார். எழுதித்தான் கொடுத்திருந்தார்.

இப்போது அந்தச் சப்பாத்தியை விமானத்தில் நினைத்துப் பார். அவர்கள் தருவதே பன்னும் இறைச்சியும்தான். மேலே போகப் போக வயிற்றிலுள்ள வாயு விரியும். நம்மால் எளிதில் ஏப்பம் விடவும் முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது, குமட்டினால் தையலுக்கே ஆபத்து. மேலே பெட்டி தூக்கி வைக்க ஆள் தேடவேண்டும். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது. எனக்கு அடுத்த அறையில் மாலத்தீவின் மாலேயிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரி இருந்தார். நல்ல மனிதர், சைகையிலேயே எங்களுக்குள் அரட்டை நடக்கும். வந்த நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டுத்தான் அவரை அழைத்துவந்திருந்தார்கள். போனார். இரண்டு வாரத்தில் தண்ணீர்கூடச் சிக்குகிறது என்று பயந்துபோய்த் திரும்பி வந்தார். எண்டோஸ்கோப்பியில் வெறும் வீக்கம்தான், இன்னும் கொஞ்ச நாள் திரவ உணவு போதும் என்று அனுப்பினார்கள். அதைச் சொல்ல அவர் ஊரில் ஆள் இல்லாததால் இரண்டாவது விமானச் செலவு. அவர் ஊர் ஒன்றரை மணி நேர தூரம். உன் ஊர் பத்து மணி நேரத்துக்கு மேல்.

ஆகவே, நீ எங்கே செய்துகொண்டாலும் மூன்று வாரம் அந்த ஊரிலேயே தங்கு. திரும்பிய பிறகு ஏதாவது என்றால் பார்ப்பதற்கு உன் டாக்டர் ஒப்புக்கொள்கிறாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடு. அறுவைக் குறிப்பையும் படங்களையும் கையில் வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதே. சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுப் போகும் சிகிச்சைக்குப் பணம் தராது. பாலிசியைப் படித்துப் பார்.

நிரந்தரமாகக் குணமாகுமா என்று கேட்டிருந்தாய். ஸ்வீடனில் 2,655 பேரை வருடக்கணக்காகக் கவனித்ததில் 470 பேருக்கு எதுக்களிப்பு திரும்ப வந்தது. பெரும்பாலோர் பழையபடி மாத்திரைக்குப் போனார்கள், அந்த 470 பேரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மறுபடி அறுவை. எனக்கு இரண்டரை வருடமாக மாத்திரை இல்லை. இரவில் முழுதாகத் தூங்குகிறேன். நஷ்டக் கணக்கையும் சொல்லவேண்டும்: ஏப்பம் போய்விட்டது. கல்யாண விருந்து முடித்து, இலையை மூடி, ஒரு பெரிய ஏப்பம் விடும் சுகம் எனக்கு இனி இல்லை. அந்தக் காற்றெல்லாம் வேறு வழியில் போகிறது. சபையில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. காந்த மணி வளையம் பற்றியும் கேட்டிருந்தாய். உணவுக்குழாயைச் சுற்றி மாட்டும் அந்த வளையத்துக்கு அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. பிறகு எம்ஆர்ஐ எடுப்பதில் கட்டுப்பாடு உண்டு என்றார் என் சர்ஜன். உன் முதுகுக்கு வருடம் ஒருமுறை எம்ஆர்ஐ எடுக்கிறாயே, அதனால் சொல்கிறேன்.

முதலில் அங்கேயே இரண்டு டெஸ்டையும் முடி. காசு கொடுத்துத் தனியாரிடம் செய்துகொண்டாலும், அறுவைச் செலவில் அது ஒரு மூலைக்கு வராது. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, என் சர்ஜனிடம் காட்டுகிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர். உனக்கும் கலாவுக்கும் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருப்பதால் மருத்துவ விசா தொல்லை இல்லை. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் வராதே. போன தடவை எங்கள் தெருவில் படகு விட்டார்கள். தை பிறந்ததும் வா. கஞ்சி காய்ச்ச இங்கே ஆள் இருக்கிறது, மிக்ஸி மட்டும் மக்கர் செய்கிறது, அதற்குள் மாற்றிவிடுகிறேன்.

கலாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. செங்கல் வைத்தாயா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
ரங்கன்