நோத்ர் தாம் வாசலில் நடந்த கல்யாணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தலைமுறைப் பகையைச் சம்பந்தம் பேசித் தீர்க்க முடியுமா என்று கேட்டிருந்தாய். 1572-இல் பாரிஸில் நடந்த கல்யாணத்தைப் பார். பகை தீரவில்லை. ஆனால் எங்கெங்கே ஒட்டுப் போட்டார்கள் என்பது அதில் நன்றாகத் தெரியும்.

பெண் மார்கரித், வலுவா அரச வம்சம், கத்தோலிக்கர். மாப்பிள்ளை நவார் என்ற சிறு நாட்டின் ஹென்றி, பூர்போன் வம்சம், புராட்டஸ்டன்ட். 1562-இலிருந்து இரு தரப்பும் மூன்று போர் நடத்தியிருந்தன. சம்பந்தம் பேசியவர்கள் இரண்டு அம்மாக்கள்: பெண்ணைப் பெற்ற காத்தரின், மாப்பிள்ளையைப் பெற்ற ழான். ஏப்ரல் 11-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்ணின் அண்ணன், பிரான்சு மன்னன் ஒன்பதாம் சார்லஸ், 3,00,000 எக்கூ பொற்காசு சீராகத் தருவதாக ஒப்புக்கொண்டான். ஜூன் 9-இல் ழான் இறந்துபோனாள். ஆனாலும் கல்யாணம் நிற்கவில்லை.

பெரிய சிக்கல் பூசை. மாப்பிள்ளை கத்தோலிக்கத் திருப்பலிக்குள் கால் வைக்கமாட்டான். அதனால் ஆயர் மாளிகையிலிருந்து நோத்ர் தாம் பேராலயம் வரை மேடை கட்டி, பொன்சரிகைத் துணி போர்த்தி, ஆகஸ்ட் 18-இல் கோயிலுக்கு வெளியே மேடையிலேயே மணம் முடித்தார்கள். பிறகு பெண் மட்டும் பூசைக்கு உள்ளே போனாள். மாப்பிள்ளை இடத்தில் நின்றது அவளுடைய இன்னொரு அண்ணன், ஆன்ஷூ கோமகன்! அவள் போட்டிருந்த நீல மேலங்கியின் வால் மட்டும் நான்கு ஓன், ஏறத்தாழ நாலே முக்கால் மீட்டர். தூக்கி வர மூன்று இளவரசிகள். இதை அவளே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறாள்.

இன்னொரு சிக்கல் முறை. பெண்ணின் தாத்தாவும் மாப்பிள்ளையின் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். (நம் கணக்கில் பார்த்தாலும் இது அக்கா தம்பி முறைதான்.) போப்பின் விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, இல்லாமல் மணம் செல்லாது. ஐந்தாம் பியுஸ் மறுத்தார், மே மாதம் காலமானார். அடுத்து வந்த போப்பிடமிருந்தும் விலக்கு வரவில்லை. காத்தரின் என்ன செய்தாள் தெரியுமா? ரோமிலிருந்து வரும் தூதர்களைக் கல்யாணம் முடியும்வரை விடாதே என்று வழியிலுள்ள லியோன் நகர ஆளுநருக்கு எழுதினாள். 'வேண்டாம்' என்று ஓலை வந்துவிட்டால் காரியம் கெட்டுவிடுமே. மணம் செய்துவைத்த கர்தினால் மாப்பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பா. அவர் தயங்கியதும், விலக்கு வழியில் வருகிறது என்று ஒரு கடிதத்தைக் காட்டிச் சமாளித்தார்கள்.

சம்மதம் கேட்டபோது பெண் வாய் திறக்கவில்லை, மன்னனான அண்ணன் அவள் தலையைப் பிடித்து அமுக்கி ஆட்டவைத்தான் என்பார்கள். அவள் குறிப்பில் அது இல்லை. நான் முழுசாக நம்புவதில்லை.

நாலாம் நாள் புராட்டஸ்டன்ட் தலைவர் கொலின்யி சுடப்பட்டார். 24-ஆம் தேதி புராட்டஸ்டன்ட்களின் படுகொலை. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளே பெருமளவில் செத்தார்கள். ஹென்றி மதம் மாறி உயிர் தப்பினான், 1576-இல் அரண்மனையை விட்டே ஓடினான். பிள்ளையும் பிறக்கவில்லை.

ஆனால் அவசரத்தில் விட்ட ஓட்டை வீணாகவில்லை. ஹென்றி பிரான்சுக்கே மன்னனாகி, வாரிசு தேவைப்பட்டபோது, நெருங்கிய உறவு, முறையான விலக்கு இல்லாமை, பெண்ணைக் கட்டாயப்படுத்தியது என்று அந்தப் பழைய குறைகளையே காரணம் காட்டி 1599 டிசம்பரில் மணத்தைச் செல்லாததாக்கினார்கள். மார்கரித்தும் சும்மா ஒப்பவில்லை. அவனுடைய காதலி கப்ரியேல் ராணியாவாள் என்றிருந்தவரை இழுத்தடித்தாள்; கப்ரியேல் இறந்த பிறகே சம்மதித்தாள், ராணி என்ற பட்டத்தையும் வைத்துக்கொண்டாள். 1610 மே 13-இல் ஹென்றியின் அடுத்த மனைவிக்கு முடிசூட்டியபோது மார்கரித்தும் விழாவுக்கு வந்திருந்தாள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய நண்பன்