2025ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

கோல்ஃப் ஆட மதுரையிலிருந்து மலையேறிப் பழகிய கூட்டம் நம்முடையது. இந்த ஆண்டும் ஆடியதைவிடப் பார்த்ததே அதிகம். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம் (குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். இருவர் சேர்ந்தனர், இருவர் விலகினர். விலகிய ஒருவர் எழுதிய காரணம் "வீட்டு உத்தரவு". கடிதம் கோப்பில் இருக்கிறது.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி, கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸின் கடைசிச் சுற்றைத் தலைவர் வீட்டு ஹாலில் டிவியில் பார்த்தது. அமெரிக்காவில் ஏப்ரல் 13 மாலை, நமக்கு விசுவாவசு வருடப் பிறப்பு விடியற்காலை. ரோரி மெக்கில்ராய் முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாவது குழியில் எண்பது கஜத்துச் சொச்சம் தூரத்திலிருந்து வெட்ஜால் (கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கிற மட்டை) ஒரு சின்ன அடி; நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்று நினைக்கிற அடி. பந்து வலப்பக்கம் போய் விழுந்து, உருண்டு, ஓடைக்குள் இறங்கிவிட்டது. ஹாலில் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் துணைத் தலைவர் எழுந்து, "இதைத்தானேய்யா நான் கொடைக்கானலில் செய்தேன், அன்றைக்குச் சிரித்தீர்களே" என்றார். இந்த ஆட்டத்தைப் பார்ப்பதில் பாதிச் சுகம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கிரிக்கெட் பார்க்கும்போது பும்ராவின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க முடியாது. ஓடையில் பந்தைப் போட்டவரின் முகம் மட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

பதினெட்டாவதில் ஐந்தடி புட்டையும் (பந்தைக் குழிக்குள் உருட்டுகிற அடி) தவறவிட்டு, சமநிலையில் இருந்த ஜஸ்டின் ரோஸுடன் பிளே ஆஃப் ஆடித்தான் மெக்கில்ராய் ஜெயித்தார். நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ஆறாவது ஆட்டக்காரர் அவர். முந்தைய பெரிய பட்டம் 2014இல் வந்தது. தலைவர் நாகர்கோவில்காரர் என்பதால் பூஜையறையில் கனித் தட்டு தயாராக இருந்தது. வருடப் பிறப்பன்று கண் விழித்துக் கனி காண வேண்டியவர்கள், கண்ணே மூடாமல் மாஸ்டர்ஸில் ஜெயித்தவருக்குப் போடும் பச்சைக் கோட்டை மெக்கில்ராய் மேல் பார்த்தோம். தலைவர் வீட்டு அம்மா டிவியை அணைத்துவிட்டுக் காபி கொடுத்தார்கள்.

ஜூனில் ஓக்மான்ட்டில் நடந்த யூ.எஸ். ஓப்பனுக்கு நான்கு பேர்தான் விழித்திருந்தோம். கடைசி நாள் முதல் ஆறு குழிகளில் ஐந்து போகி (குழிக்கு விதித்த கணக்கைவிட ஒரு அடி கூடுதல்) போட்ட ஜே.ஜே. ஸ்பான், மழை நின்ற பிறகு வந்து, கடைசிக் குழியில் 64 அடி புட்டை உள்ளே தள்ளி ஜெயித்தார். மழை இடைவேளையில் தூங்கப் போன மூவர் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அக்டோபரில் இரண்டு உறுப்பினர்கள் சம்பர்க் கிராந்தி ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து டெல்லி கோல்ஃப் கிளப் போட்டிக்குப் போனார்கள். டாமி ஃபிளீட்வுட் ஜெயித்தார். இவர்கள் கொண்டுவந்த செய்தி, அங்கே இருபுறமும் புதர் நெருக்குவதால் மெக்கில்ராயே டிரைவரை (பந்தை வெகுதூரம் அனுப்புகிற பெரிய மட்டை) எடுக்கத் தயங்கினார் என்பது. உள்ளூரில் எல்லாக் குழிக்கும் டிரைவரை உருவும் அன்பர்கள் கவனிக்கவும்.

இனி நம் ஆட்டம். கொடைக்கானல் கிளப் 1895இல் தொடங்கியது. நாம் போனது மூன்று முறை. முதல் முறை, மலைக்கு வண்டியில் போக வேண்டிய இ-பாஸ் எடுக்க மறந்தது என் தவறு. இரண்டாம் முறை மூடுபனி, பந்து போன திசைகூடத் தெரியவில்லை. மூன்றாம் முறை ஆடினோம். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். "ஒரு கிளப் குறைச்சு எடுங்க சார்", அதாவது தூரம் குறைவாகப் போகிற மட்டையை எடுங்கள் என்று, மட்டைப் பை தூக்கி வந்த கேடி ஒவ்வொரு முறையும் சொன்னார். நம்மவர்கள் கேட்கவில்லை. தொலைந்த பந்தைத் தேட விதிப்படி மூன்று நிமிடம்தான். நாம் எடுத்துக்கொண்டது அதற்கு மேல்.

அன்று துணைத் தலைவரின் பந்து குழிக்கு ஒரு அடி தூரத்தில் நின்றது. ஒரு குரங்கு வந்து எடுத்தது, கடித்துப் பார்த்தது, மரத்தில் ஏறிவிட்டது. பொருளாளர் "கணக்கில் ஒரு அடி கூட்டணும், அபராதம்" என்றார். கேடி சிரித்துக்கொண்டே, "குரங்கு எடுத்தா அபராதம் இல்லீங்க, இருந்த இடத்துலயே வேற பந்தை வைங்க" என்றார். விதிப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. பந்தை வைத்தார்கள். துணைத் தலைவர் மூச்சை இழுத்துவிட்டு அடித்தார். பந்து குழி விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றது.

மொட்டை மாடிப் பயிற்சி வலையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. நஷ்டத்தைச் சங்கம் ஏற்றது. வலை தைக்கும்வரை பிளாஸ்டிக் பந்து மட்டுமே.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் ஏழாம் எண் அயர்ன் மட்டை ஒன்று ஆகஸ்டிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து மூலையில் சாத்திவைத்தால் போதும், யார் என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்