ஆமோஸின் ஆறாம் அதிகாரத்தையும் பிரசங்கியுங்கள்

விசுவாசித்தால் செல்வமும் வளமும் வரும் என்ற செழிப்பின் உபதேசத்தைப் பிரசங்கிக்கும் ஊழியக்காரர்களுக்கு, கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

உழுகிறவன் அறுக்கிறவனைத் தொடர்ந்து பிடிப்பான் என்ற, வேதாகமத்தின் ஆமோஸ் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தின் விளைச்சல் வாக்குத்தத்தத்தை அட்டையில் அச்சிட்டுப் புது வருஷத்தில் வீடுதோறும் கொடுக்கிறீர்கள். அது சிறையிருப்பிலிருந்து திரும்பப்போகிற ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் ஏன் சிறைப்பட்டுப் போனார்கள் என்பதை அதற்கு முந்தைய அதிகாரங்கள் சொல்கின்றன. அவற்றை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

தெக்கோவா என்ற ஊரில் மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கியவர் தீர்க்கதரிசி ஆமோஸ். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வளமான நாட்களில், தெற்கு ராஜ்யமான யூதாவிலிருந்து வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசினார். எல்லைகள் விரிந்திருந்தன, வியாபாரம் செழித்திருந்தது. அதன் தலைநகரான சமாரியாவின் பெரியவர்கள் தந்தக் கட்டிலில் சாய்ந்து, தொழுவத்துக் கன்றின் இறைச்சியைத் தின்று, பெரிய பாத்திரங்களில் மது குடித்தார்கள். இது வெறும் கவிதை அலங்காரம் அல்ல. 1930களில் சமாரியா மேட்டைத் தோண்டியவர்கள், மரச்சாமான்களில் பதிக்கப்பட்டிருந்த தந்தச் செதுக்கல்களைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். அங்கே கிடைத்த பானை ஓடுகளில், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த பழைய திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்கும் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

அவர்கள் தெய்வ பயமற்றவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலி செலுத்தினார்கள், தசமபாகம் கொடுத்தார்கள், பண்டிகை ஒன்றையும் விடவில்லை. ஏழை அடகு வைத்த வஸ்திரத்தைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். ஏனென்றால் இரவில் அவன் போர்த்திக்கொள்ள வேறு துணி கிடையாது. அந்த வஸ்திரத்தையே பலிபீடத்தின் அருகே விரித்துப் படுத்தார்கள் இவர்கள். இரண்டாம் அதிகாரத்தின் இந்த ஒரு காட்சியை எந்தச் செழிப்புக் கூட்டத்திலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? மாறாக, வட்டிக்கடனில் மூச்சுத் திணறி ஜெபத்துக்கு வருகிறவர்களிடம், விசுவாசம் போதவில்லை என்கிறீர்கள். கடனைக் கொடுத்துக் கசக்குகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆறாம் அதிகாரத்தின் குற்றச்சாட்டு சௌக்கியத்தோடு நிற்கவில்லை. தங்கள் ஜனம் நொறுங்குவதைக் கண்டும் அவர்கள் துக்கப்படவில்லை. ஆகையால் சிறைப்பட்டுப் போகிறவர்களின் முன்னணியில் போவார்கள் என்றார் ஆமோஸ். அரை நூற்றாண்டு முடிவதற்குள், கி.மு. 722 வாக்கில், சமாரியா அசீரியாவிடம் விழுந்தது. அங்கிருந்து 27,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதாக அசீரிய ராஜா இரண்டாம் சர்கோனின் கல்வெட்டு பெருமையடிக்கிறது. ஆலாகிலும் கோசான் நதியோரத்திலும் மேதியரின் பட்டணங்களிலும் அவர்களைக் குடியேற்றினார்கள் என்கிறது இராஜாக்களின் புத்தகம்.

இஸ்ரவேலின் வழிபாட்டு ஸ்தலமான பெத்தேலின் ஆசாரியன் அமத்சியாவை மறந்துவிடாதீர்கள். இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே அப்பம் தின்று தீர்க்கதரிசனம் சொல் என்று ஆமோஸைத் துரத்தியவன் அவன். அவனும் ஊழியக்காரன்தான். பெரிய மனிதரின் மனம் நோகாதபடி பார்த்துக்கொள்வதே ஊழியம் என்று நினைத்தவன். அந்த இடத்தில் நீங்கள் நிற்பது எனக்கு வேதனையாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வருகிற அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் முன், ஆமோஸ் ஆறையும் எட்டையும் முழுமையாக வாசியுங்கள். மரக்காலைக் குறைத்துப் பதரை விற்றவர்களைப் பற்றிய பகுதியையும் விடாமல் வாசியுங்கள். அதன் பிறகு வட்டிக்குக் கொடுப்பவர்களும், கூலியைப் பிடித்துவைப்பவர்களும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களுக்கு வரும் ஒரு விசுவாசி