நெட்வொர்க் சரியில்லை என்கிறாய்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

தீபாவளிக்குப் பிறகு நீ சரியாகப் பேசவில்லை. கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்கிறாய். நம் வீட்டு இணைப்பைப் பார்க்க வந்த தம்பியை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு இது புரியாதா என்ன?

அந்தக் காலத்து டிரங்க் காலில், இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு லைன் அவர்களுக்கே சொந்தம். பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும் கட்டணம் ஓடும். இப்போது பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் போய்ச்சேர வேண்டிய இடத்தின் எண்ணை, அதாவது ஐபி முகவரியை, ஒட்டி அனுப்புகிறார்கள். பாக்கெட் என்று பெயர். வழியிலுள்ள ரூட்டர்கள் முகவரியைப் பார்த்துப் பார்த்து அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். குரல் அழைப்பில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதற்காகக் காத்திருக்க நேரமில்லை, விட்டுவிடுவார்கள். உன் குரல் அறுந்து அறுந்து வருவது அதனால்தான். எழுத்துச் செய்தி அப்படியல்ல. தொலைந்ததை மறுபடி அனுப்பவைத்து, வரிசைப்படுத்தி முழுதாகச் சேர்க்கும். அந்த விதிமுறைக்கு டிசிபி என்று பெயராம். ஆக, 'நலம்' என்று மூன்று எழுத்து அனுப்பினால், கொஞ்சம் தாமதித்தாவது வந்துவிடும். நேரத்துக்குச் சாப்பிடு.

நம் வீட்டு ரூட்டருக்கு 192.168.1.1 என்று ஒரு எண். உன் சிங்கப்பூர் வீட்டு ரூட்டருக்கும் அதே எண் இருக்கலாம், குழப்பம் வராதாம். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வெளியுலகுக்கு வேறு எண். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். பெயரைச் சொல்லி டெலிபோன் நம்பர் கேட்பவர்களுக்கு நாங்கள் 197 விசாரணை எண்ணில் செய்த வேலைதான்! உனக்கு இதெல்லாம் தெரியும். சர்வர்களைப் பராமரிப்பவள் என் மகள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேனே.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் செய்தி உன்னிடம் இன்னும் சேரவில்லை. இரட்டை டிக் என்றால் உன் போனுக்கு வந்துவிட்டது. நான் அனுப்பியவை எல்லாவற்றுக்கும் இரட்டை டிக். நீலமாக மாறாதபடி வைத்துக்கொள்ளவும் வழி உண்டாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கேபிள் போகிறது. ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஒரு நொடிகூட ஆகாது.

மாமா வீட்டில் பேசியதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, நீ சொல்லாமல் சொல்லவும் மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு காலை கூப்பிடு. குரல் அறுந்தால் எழுதியனுப்பு.

அம்மா