அம்மா, அந்தப் பட்டியலைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கோ

ஸ்காபரோ,
மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இஞ்ச எல்லாரும் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ எண்டு போன கிழமை போனில கேக்க மறந்துபோனன். கடிதம் எண்டால் திருப்பித் திருப்பி வாசிக்கலாம் எண்டு நீங்கள் சொல்லுறதால இதை எழுதுறன்.

நீங்கள் இஞ்ச வரேக்க பாக்கவெண்டு அக்காவின்ர பெடியன் அனுப்பின பட்டியலைப் பார்த்தன். நயாகரா, ஒட்டாவா, மொன்றியல், கியூபெக், பான்ஃப், வன்கூவர், எல்லாம் மூண்டு கிழமையில! அவனிலயும் பிழையில்லை, வரைபடத்தில கனடா ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிப்போகுது. பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் எங்கட முழு நாடும் 432 கிலோமீற்றர். இஞ்ச ரொறன்ரோவுக்குப் பக்கம் எண்டு சொல்லுற மொன்றியலே 540. வன்கூவருக்கு நான் லொறியில போக அஞ்சு நாள் செல்லும். அதில முதல் ரெண்டு நாள் ஒன்ராறியோ மாகாணத்தைத் தாண்டவே சரி.

அந்த ரெண்டு நாளில ஒரு பெரிய பங்கு சுப்பீரியர் ஏரிக்கரையால ஓட்டம். இலங்கையைத் தூக்கி அதுக்குள்ள போட்டாலும் இடம் மிச்சம் கிடக்கும். உப்பில்லாத தண்ணி, ஆனால் காங்கேசன்துறையில மாதிரி அலை அடிக்கும். அந்தப் பாதையில வாவா எண்டொரு ஊர். ஊர் வாசலில காட்டு வாத்து ஒண்டின்ர பென்னாம்பெரிய சிலை நிக்குது, இஞ்சத்தைப் பழங்குடி மக்களின்ர பாஷையில பேருக்கும் அதுதானாம் கருத்து. எனக்கு அது வா வா எண்டு கூப்பிட்டுப்போட்டுப் பிறகு போகவிடாத ஊர். போன தையில பனி கொட்டி ரோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். ராத்திரி முழுக்க லொறிக்குள்ள. எஞ்சினை நிப்பாட்டினால் கொஞ்ச நேரத்தில கண்ணாடியின்ர உள்பக்கமே வெள்ளையாய்ப் பூத்துப்போகும், நகத்தால சுரண்டித்தான் வெளிய பாக்கிறது.

பின்னால நிண்ட லொறிக்காரர் வந்து கதவில தட்டினார். பஞ்சாபி, ஐம்பது வயசிருக்கும். ஈயத்தாளில சுத்தின பராத்தாவும் மாங்காய் ஊறுகாயும் தந்தார். நான் பிளாஸ்கில இருந்த தேத்தண்ணியை ஊத்திக் குடுத்தன். அவர்தான் சொன்னார், 1914இல கொமகாட்டா மாரு எண்ட கப்பலில 376 பேர் வன்கூவருக்கு வந்தவையாம், கனபேர் சீக்கியர். ரெண்டு மாதம் துறைமுகத்திலயே மறிச்சு வைச்சு, ஒரு இருபது பேரளவில மட்டும் இறங்கவிட்டு, மற்ற எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். பிரதமர் பாராளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டது 2016இல. "உங்கட ஆக்களும் போட்டில வந்தவைதானே, எங்கட காலத்தில அந்த மீன்பிடிக்காரர் இல்லாமல் போனாங்கள்" எண்டார்.

அவர் எதைச் சொன்னவர் எண்டு உங்களுக்கு விளங்கும். 1986 ஆவணியில, கனடாவின்ர கிழக்குக் கோடியில உள்ள நியூஃபவுண்லாந்துத் தீவுக் கடலில, பனிப்புகாருக்குள்ள ரெண்டு உயிர்காப்புப் படகில மிதந்த 155 தமிழரை அங்கத்தைய மீன்பிடிக்காரர்தான் ஏத்திக் கரை சேர்த்தவை. ஐயா பேப்பரை மடிச்சு வைச்சு அந்தச் செய்தியை உங்களுக்குச் சொன்னது எனக்கு ஞாபகம். பெடியன்ர பட்டியலில அந்த இடம் இல்லை. எனக்கு உங்களை முதல் கூட்டிக்கொண்டு போகவேண்டிய இடம் அதுதான். ரொறன்ரோவில இருந்து பிளேனில மூண்டு மணித்தியாலம். அங்கத்தைய நேரமும் எங்கட ஊர் மாதிரி, உலக நேரத்தோட முழு மணிக் கணக்கில இல்லாமல் அரை மணி தள்ளி நிக்கும். கரையில பெரிசாய்ப் பாக்க ஒண்டுமில்லை, கல்லும் காத்தும் புகாரும்தான். எண்டாலும் போவம்.

நயாகரா விட ஏலாது, ஊருக்குப் போய் என்ன சொல்லுவியள்? வீட்டில இருந்து ஒண்டரை மணித்தியாலம். புட்டும் கறியும் கட்டிக்கொண்டு போவம், அங்க சாப்பாடும் வாகனம் விடுற காசும் கொள்ளை. அருவிக்குக் கிட்டப் போற போட்டில ஏறேக்க கனடாப் பக்கத்தாருக்குச் சிவப்பு பிளாஸ்ரிக் மழைக்கோட்டு, அமெரிக்காப் பக்கத்தாருக்கு நீலம். உங்களைச் சிவப்பில பாக்க வேணும்.

கியூபெக் நகரம் எனக்குச் சரியான விருப்பம். 1608இல பிரெஞ்சுக்காரர் தொடங்கின ஊர், போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க 11 வருசம் முந்தி. மதில் இன்னும் ஊரைச் சுத்தி நிக்குது. படி கனக்க, ஆனால் கீழ் ஊரில இருந்து மேல் ஊருக்குத் தண்டவாளத்தில சாய்வாய் ஏறுற ஒரு பெட்டி இருக்கு, உங்கட காலுக்கு அது காணும். ஆர் என்ன கேட்டாலும் முதல் பிரெஞ்சில வணக்கம் எண்டு "பொன்ஜூர்" சொல்லுங்கோ, முகம் மலர்ந்திடும்.

பான்ஃப் மலைப்பக்கம் படத்தில கண்ட வடிவுதான், பொய்யில்லை. பனியாறு மலையை அரைச்சுக் கொண்டுவாற கல்மாவு தண்ணியில மிதக்கிறதாலதான் ஏரி அந்தப் பச்சை கலந்த நீல நிறம். ஆனால் பேர்போன மொறெய்ன் ஏரிக்குச் சொந்த வாகனம் விடமாட்டாங்கள், பஸ்ஸில முன்னமே இடம் பிடிக்க வேணும். வன்கூவரும் அதுவும் அடுத்த முறைக்கு. நடுவில உள்ள சமவெளியை நான் உங்களுக்காகப் பார்த்து முடிச்சிட்டன், மூண்டு மாகாணம் முழுக்க வயல்தான்.

உங்கட டொக்டரிட்ட ரெண்டு கேள்வி கேட்டு எழுதுங்கோ: பிளேனில 20 மணித்தியாலம் இருக்க ஏலுமோ, புரட்டாதிக் குளிர் தாங்குமோ. புரட்டாதிக் கடைசியில வந்தால் மேப்பிள் இலை சிவக்கிறதையும் பாக்கலாம், ஆனி ஆடியில வந்தால் கால் நோகாது. மிளகாய்த்தூள் ஒரு கிலோ காணும். போன முறை பெரியம்மா கொண்டுவந்தது இன்னும் முடியேல்லை.

உங்கட அன்பு மகன்,
தம்பி