மடிப்பு பிரிந்திருக்கிறது, கண்ணு

தோட்டத்துச் சாளை,
ஆடி 24

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். போனில் கூப்பிட்டால் மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்கிறாய். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆடி நோம்பிக்கு நீ வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேப்ப மரத்தில் தூரி கட்டிய அன்று ஆத்தா மட்டும் இரண்டு தரம் கேட்டார். பாப்பாவுக்குச் சளி என்று சொல்லிவைத்தேன். நீ அப்படித்தானே சொன்னாய்.

சளி விட்டதா? காலையில் அவளை வெறும் வயிற்றோடு எங்கேயும் கிளப்பாதே. ஒரு டம்ளர் ராகிக் கூழாவது உள்ளே போகட்டும்.

வைகாசியில் நட்ட மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. ஊடே போட்ட சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டாயிற்று. இனி மண் அணைக்க வேண்டும், ஆள்தான் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15-க்குக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிடுவார்கள் என்று அப்பா வரப்பெல்லாம் சரிசெய்துகொண்டிருக்கிறார். 124 மைல் வாய்க்கால் கிலோமீட்டரில் எவ்வளவு என்று பெரியவன் மகனைக் கேட்டேன். களத்து மண்ணில் குச்சியால் பெருக்கிப் பார்த்து, "கிட்டத்தட்ட 200, அப்பத்தா" என்றான். உனக்கும் அதே களத்தில்தான் பெருக்கல் சொல்லிக்கொடுத்தேன், நினைவிருக்கிறதா?

பெரியவன் பிள்ளைகள் இரண்டும் ஐந்தரைக்கே எழுந்து கட்டுத்தரைக்கு வந்துவிடுகின்றன. மூத்தவன் அப்பாவோடு பால் சொசைட்டிக்குப் போய் அட்டையில் கொழுப்பு எவ்வளவு என்று அவனே படித்துவிட்டு வருகிறான். போன வாரம் ஏன் குறைந்துவிட்டது என்று கேட்டான். பச்சைத் தீவனம் கூடிப்போய்ச் சோளத்தட்டு குறைந்தால் கொழுப்பு இறங்கும் என்று அப்பா சொன்னார். மறுநாள் விடியும் முன்னே செவலைக்கு முன்னால் ஒரு கட்டுத் தட்டு கிடந்தது, அவன் வேலை. எந்த வகுப்பறையில் இதைச் சொல்லித்தருவார்கள்? நான் யாரையும் குறை சொல்லவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

உன் நடுத்தங்கச்சிக்குப் பை ஆர்டர் நிறைய வருகிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்தே கல்யாணக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சப்பையைப் பற்றி அரசாங்கமே பேச ஆரம்பித்த பிறகு இன்னும் கூடிவிட்டது. இந்த ஆவணி முகூர்த்தத்துக்கு 400 தாம்பூலப் பை. அது போகக் காய்கறிப் பையும் தைக்கிறாள். 36 அங்குல அகலக் காடாவில் ஒரு மீட்டருக்கு இரண்டு பை, பதினாறு பதினாறு அங்குலமாக வெட்டினது போக மிஞ்சும் ஏழு அங்குலத்தில் நான்கு கைப்பிடி. விரல் அகலத் துணிகூட வீணாகாது. நீ பதினோரு வயதில் போட்டுக் காட்டிய கணக்குதான் அது. நான் ஒரு மீட்டருக்கு ஒன்றரைப் பை என்று வெட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, துணியைத் திருப்பிப் போடுங்க" என்றாய். இன்றைக்கு நீ பெங்களூரில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறாய் என்று யாராவது சொன்னால், அது எங்கள் வாசல் திண்ணையில் ஆரம்பித்தது என்று நான் சொல்லாமல் விடுவதில்லை.

கால் மெஷின் இன்னும் ஓடுகிறது. போன மாதம் பெல்ட் அறுந்து புதுத் தோல் பெல்ட் போட்டோம். பெரியவன் மகள், அதுதான் ஆறு வயதுக்காரி, பாபின் கேஸை நூலோடு தொங்கவிட்டு ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கிறாள். ஒரு அங்குலம் மட்டும் இறங்கி நிற்க வேண்டும், சரசரவென்று கீழே போனால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். நான் சொல்லவே இல்லை. நீ உன் தங்கச்சிக்குக் காட்டினாய், தங்கச்சி இவளுக்குக் காட்டியிருக்கிறாள். பாப்பாவும் இங்கே ஒரு மாதம் இருந்தால் பிடித்துக்கொள்வாள். நாலு வயதுக் குழந்தைக்கு விளையாட்டுத்தானே வேண்டும். பெங்களூரில் மழை அதிகமாமே. ஷூ நனைந்தால் அப்படியே போட்டு அனுப்பாதே, கால் விரலிடுக்கில் புண் வரும். வெறும் வயிற்றோடும் அனுப்பாதே.

கடைக்குட்டி அக்டோபரில் பன்னிரண்டாவது எழுதுகிறாள். திறந்தநிலைப் பள்ளிக்குப் பணம் கட்டியாயிற்று. படிக்கிறாளா போனைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அவள் போனைப் பற்றிச் சொல்ல வந்தேன், அது இருக்கட்டும்.

ஆடிக் காற்றில் ஆத்தாவுக்கு ராத்திரியில் குளிர் எடுக்கிறது. பழைய ஒட்டுத்துணிப் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு முழம் கிழிந்திருந்தது. தைக்கலாம் என்று விரித்தால் உங்கள் ஆறு பேர் துணியும் அதில் இருக்கிறது. ஈரோட்டுச் சந்தையில் திங்கட்கிழமை ராத்திரி போய் ஒரே முழுச் சுருளாகத் துணி வாங்கிவந்து, தீபாவளிக்கு ஆறு பேருக்கும் ஒரே பூப்போட்ட துணியில் தைத்தோமே, அந்தப் பச்சைப் பூ. உன் பாவாடையில் மூன்று டக் பிடித்து வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டது. நீ வளர்ந்ததும் மறுபடி டக் பிடித்து நடுவுள்ளவளுக்கு. அந்தத் துண்டில் டக் பிடித்திருந்த இடம் மட்டும் இன்னும் வெளுக்காமல் மூன்று பட்டையாகத் தெரிகிறது. எத்தனை வருஷம், எத்தனை வெயில், அந்தப் பட்டை மட்டும் போகவில்லை.

அதற்குப் பக்கத்தில் நீலத் துணி நான்கு துண்டு.

கண்ணு, நான் இந்தக் கடிதத்தை மஞ்சளிலும் வெங்காயத்திலும் ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறேன். இதற்கு மேல் சுற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கடைக்குட்டி போனில் பாப்பா போட்டோவைப் பார்த்தேன். நீ ஸ்டேட்டஸில் வைத்தது. அவள் போனில் வந்தது, என் போனில் வரவில்லை. கழுத்தில் டை, முதுகில் பை, காலில் கறுப்பு ஷூ, பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் நிற்கிறாள். ஜூன் மாதப் போட்டோ. இரண்டு மாதமாக எனக்குத் தெரியாது. உன் தங்கச்சிகளுக்குத் தெரியும், பெரியவன் பெண்டாட்டிக்குத் தெரியும், அப்பாவுக்குக்கூடத் தெரியும். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, எனக்கு அது புரியாமலா இருக்கும்? என்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டைக்கு வந்திருப்பேன், அழுதிருப்பேன், அதற்கப்புறம் கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்தைந்து வருஷமாக ஊரார் வாயெல்லாம் வாங்கிக்கொண்டு ஆறு பேரையும் வீட்டிலேயே வளர்த்தவளிடம், அவள் மூத்த மகள் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்த்ததை மறைத்தால் அது எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாயா?

எப்படி இருந்தது என்றால், நான் மத்தியானம் முழுக்க வெங்காயப் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் சொல்கிறேன்.

அப்புறம்தான் இந்தப் போர்வையை விரித்தேன்.

2006, மாசி மாதம். மஞ்சள் வேகவைத்துக் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. கடைக்குட்டி என் வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முந்தின மாதம்தான் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் நோட்டோடு வந்தார். "பள்ளிக்கூடம் வர ஆசையா சாமி?" என்று உன்னைக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "இல்லைங்க டீச்சர்" என்றாய். உனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று. அவர் போன பிறகு நான் உன்னைக் கட்டிக்கொண்டேன், என் மகள் என்று.

மஞ்சள் மூட்டை கட்ட கோணி ஊசி தேடும்போது உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய செய்தித்தாளுக்குள் மடித்து, நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும். சட்டை உன் அப்பாருவின் வேட்டியில் வெட்டியது. ஐந்து பொத்தானும் ஐந்து விதம். பாவாடையில் எட்டுப் பெட்டி மடிப்பு, ஒவ்வொன்றும் அளந்து பிடித்தது போல. முழுக்கக் கைத்தையல். மெஷினில் தைத்தால் சத்தம் கேட்டு நான் எழுந்துவிடுவேன் என்று ராத்திரியில் கையாலேயே தைத்திருக்கிறாய். ஒவ்வொரு தையலும் எள்ளு அளவு. எத்தனை ராத்திரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வயதில் நான் அப்படித் தைத்ததில்லை, இப்போதும் எனக்கு வராது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் தையலைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் அது என்ன உடுப்பு என்று உறைத்தது.

அன்று மத்தியானமே பிளேடு எடுத்துப் பிரித்துவிட்டேன். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, போர்வைக்கு எடுத்து வைத்த துணிகளோடு சேர்த்தேன். பெட்டியைப் பூட்டவில்லை. நீ சாயந்திரம் திறந்திருப்பாய். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்குப் பால் கறக்க வந்தாய், இரட்டைப் பயல்களுக்குப் பல் தேய்த்துவிட்டாய், நடுவுள்ளவளுக்குச் சடை பின்னினாய். அந்த மாதமே போர்வை தைத்தோம். நீலத் துண்டை என் கையில் எடுத்துக் கொடுத்ததே நீதான்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது கொள்கை. நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு உரச்சாக்கை நிறுத்தின குடும்பம், பிள்ளைகளை மண்ணோடு வளர்க்கிறோம், மனப்பாடம் வேண்டாம், அடி வேண்டாம். அதெல்லாம் பொய்யில்லை. இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன். உன் தம்பிகளுக்கு அது அப்படியேதான் நடந்தது, சாயந்திரம் முழுக்கக் கிணற்றிலும் மரத்திலும் கிடந்தார்கள். உனக்கு அது நடக்கவில்லை. உனக்குக் கிடைத்தது கைக்குழந்தையும் தொட்டிலும் தையல் மெஷினும். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றது கொள்கைக்காக மட்டும் இல்லை, சாமி. நீ காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் போய்விட்டால் என்னால் அந்த வீட்டைச் சமாளிக்க முடியாது. எனக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

பத்தாவது எழுத 14 வயது போதும். நீ 17-ல் எழுதினாய். மனசு பக்குவப்படட்டும் என்று காத்திருந்தோம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்த மூன்று வருஷமும் கடைக்குட்டியை இடுப்பில் வைத்திருந்தது யார்? அப்பா இரண்டு தரம் விண்ணப்பப் பாரத்தை வாங்கிவந்து மெஷின் டிராயரில் வைத்தார். நான்தான் அடுத்த தவணை பார்க்கலாம் என்றேன்.

இதையெல்லாம் நீ பாப்பாவைப் பள்ளியில் சேர்த்ததற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை இருக்கிறது, நகரம், வேறு என்ன செய்வீர்கள். இல்லை, நினைக்கிறேன். நினைக்காமல் எப்படி இருப்பேன். என்னிடம் மறைத்ததற்கு அது காரணம் என்றாவது நினைக்கிறேன். அந்தப் பிளேடை நீ மறந்திருக்க மாட்டாய்.

அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாளா? டீச்சர் மெதுவாகப் பேசுவாரா? பாத்ரூமுக்குக் கேட்டுப் போகத் தெரியுமா? ஒன்று இரண்டு வார்த்தை எழுது, இல்லாவிட்டால் போனில் சொல்லு. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வேளை பேசிவிட்டால், "அம்மா, போதும்" என்று சொல். நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் பாவாடை ஓரத்தில் மடிப்பு பிரிந்து, ஊக்கு குத்தியிருக்கிறாய். முதல் நாளே பிரிந்திருக்கிறதென்றால் ரெடிமேடில் சங்கிலித் தையல் போட்டிருப்பார்கள், ஒரு முனை விட்டால் முழுக்க வந்துவிடும். நீயே இதில் வேலை செய்கிறவள், உனக்குத் தெரியாததில்லை, நேரம் இருந்திருக்காது. ஆனால் ஊக்கு வேண்டாம் கண்ணு. கீழே உட்கார்ந்து எழுந்தால் திறந்துகொண்டு தொடையில் ஏறும். சனிக்கிழமை மத்தியானம் கழற்றினதும் துவைத்து, ராத்திரி பஸ் பார்சலில் போட்டுவிடு. அப்பா ஞாயிறு காலை போய் வாங்கிவருவார். நான் கையாலேயே ஹெம்மிங் செய்து, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு அங்குலம் உள்ளே மடித்து, அன்று ராத்திரி பஸ்ஸிலேயே அனுப்பிவிடுகிறேன். திங்கட்கிழமை காலைக்கு உன் கையில் இருக்கும். இன்னொரு ஜோடி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு, அதுவும் பிரியத்தான் போகிறது.

போட்டோவில் அந்தத் துணி கறுப்பா கருநீலமா என்று தெரியவில்லை. உள்பக்கத் தையலிலிருந்து ஒரு இழையைப் பிரித்து முன்னாலேயே கவரில் போட்டு அனுப்பு. அதே நிறத்தில் நூல் வாங்கி வைக்கிறேன்.

அம்மா