இவருக்காக ஓடிவந்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பாதிப் பேரோட மெசேஜை இப்பதான் பாக்குறேன், தனித்தனியா பதில் போட முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

என் வீட்டுக்காரருக்கு உணவுக்குழாய் கேன்சர்னு கீமோ, ரேடியேஷன் முடிஞ்சு ஆபரேஷனும் நல்லபடியா ஆச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கப்புறம்தான் கதையே. உணவுக்குழாயை எடுத்துட்டு இரைப்பையை மேல இழுத்து கழுத்துல ஜாயின் பண்ணிருந்தாங்க, அந்த ஜாயின்ட் லீக் ஆகி காய்ச்சல் வந்து மறுபடி ஐசியூ. வாய்ல பச்சத்தண்ணி கூட படக்கூடாது, சிறுகுடல்ல போட்ட டியூப் வழியாதான் எல்லாமே.

நைட் டூட்டி சிஸ்டருக்குதான் முதல் நன்றி. மாத்திரையை மாவா பொடிக்கணும், கஞ்சியை ரெண்டு தடவ வடிகட்டணும், ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணி விட்டு டியூபை கழுவணும் இல்லன்னா அடைச்சுக்கும்னு, சிரிஞ்சை என் கையில குடுத்து பக்கத்துலயே நின்னு செய்ய வச்சாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அதுதான் எங்கள காப்பாத்துச்சு.

அப்புறம் செக்கப்புக்கு வந்த ஆரணிக்கார அண்ணன். அதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு, இவரு பெட் பக்கத்துல உக்காந்து கழுத்துத் தழும்பைக் காட்டுனாரு, நானும் டியூபோட கிடந்தவன்தான் தம்பின்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸைத் தொறந்து அரை இட்லிய பொறுமையா மென்னு சாப்ட்டாரு. அவ்ளோதான். அன்னைக்கு சாயந்தரம் இவரா ஷேவ் பண்ணிவிடுன்னு கேட்டாரு. நாங்க எல்லாரும் சொன்ன தைரியத்தை விட அந்த அரை இட்லி பெருசு!

ரத்தம் குடுத்த தம்பிங்க, புள்ளைங்கள ஸ்கூல்ல விட்டு கூட்டிட்டு வந்த எதிர்வீட்டு அக்கா, இனிமே தலை மேடாதான் படுக்கணும்னதும் கேக்காமலே கட்டிலோட தலைமாட்டுக் கால்ல கட்டை வச்சு அடிச்சுக் குடுத்த கார்பென்டர் மாமா, உங்க யாரையும் மறக்கல. கேன்சருக்கு வைத்தியம்னு தெனம் வீடியோ அனுப்புன சொந்தக்காரங்களுக்கும் நன்றி, போதும், நிறுத்திக்கங்க.

லீக் ஆறிடுச்சு. இப்ப அந்த இடம் சுருங்குறதால அப்பப்ப எண்டோஸ்கோப்பி போட்டு விரிச்சு விடுறாங்க, டியூபும் இன்னும் எடுக்கல. ஆனா குழைய வச்ச ரசம் சாதம் எறங்குது.

பாக்க வாங்க, தாராளமா வாங்க. குரல் கம்மியிருக்கு, ரொம்பப் பேச வைக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஆறு ஏழு வேளை சாப்பிடுறாரு, கூட ஒரு வாய் போனாலும் படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டுது, அதனால இன்னும் ரெண்டு வாய் வச்சுக்கங்கன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.